எது ஹம்பேர்கர்? பெயரைத் திருடியவர் யார்?

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2025 ஒக்டோபர் 8ஆம் திகதி ஒரு வாக்கெடுப்பு நடைபெற்றது. போரைப் பற்றியோ அகதிகளைப் பற்றியோ எழுந்த வாக்கெடுப்பு அல்ல அது. பேர்கர், சொசேஜ், ஸ்ரேக் முதலிய பெயர்களை இறைச்சி கலவாத உணவுகளுக்கு இடலாமா, கூடாதா என்பதே கேள்வி. இடக் கூடாது என்று 355 பேரும், இட்டால் குற்றமில்லை என்று 247 பேரும் வாக்களித்தனர். அந்த ஒரு வாக்கெடுப்போடு சட்டம் பிறந்துவிடுவதில்லை. உறுப்பு நாடுகளின் அரசாங்கங்களும் இணங்க வேண்டும். எனினும் இத்தனை பெரிய பெரும்பான்மை எந்த வாதத்தின் மீது திரண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சோயாவையும் பட்டாணியையும் அரைத்துத் தட்டிப் பேர்கர் என்று விற்கிறார்கள், நுகர்வோர் ஏமாற்றப்படுகின்றனர் என்பதே அந்த வாதம்.

நுகர்வோர் ஏமாற்றப்படுகின்றனர் என்பதை நான் மறுக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாக அவர்கள் ஏமாற்றப்பட்டே வருகின்றனர். ஆனால், ஏமாற்றியவர் யார்? கள்வன் ஓடிய திசையை விட்டுவிட்டு, தெருவோரம் சும்மா நின்றவனைப் பிடித்துக் கட்டிவைத்த கதையாக முடிந்திருக்கிறது அந்த 355 பேரின் தீர்ப்பு.

ரொறன்ரோவில் ஒரு பின்னேரம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடைகாலத்தில் ரொறன்ரோவில் என் அக்காவின் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் வீட்டின் பின்வளவில் அடுப்பு மூட்டினார்கள். ஒரு பக்கம் அரைத்த மாட்டிறைச்சி, மறுபக்கம் கோழி. அக்கா பிறந்த நாள் முதல் சைவம். அவருக்காக அவரை விதையை அரைத்துத் தட்டிய ஒன்று தனிச் சட்டியில் வெந்துகொண்டிருந்தது. வாட்டிய பணிஸை இரண்டாகப் பிளந்து, அதற்குள் அதை வைத்து அக்காவிடம் கொடுத்தார்கள்.

பதினான்கு வயதுப் பேரன் சிரித்தான். "அம்மம்மா, நீங்கள் சாப்பிடுறது பேர்கரே இல்லை."

அவ்வளவுதான், பின்வளவு நீதிமன்றமாகிவிட்டது. மாடு இல்லையென்றால் பேர்கர் இல்லை என்றார் விருந்தினர் ஒருவர். கோழியை முழுத் துண்டாகப் பொரித்து வைத்தால் அது சான்ட்விச் மட்டுமே என்று அவர் மேலும் இறுக்கினார். வட்டப் பணிஸுக்குள் எதை வைத்தாலும் பேர்கர்தான் என்றார் இன்னொருவர். வெங்காயமும் முட்டையும் போட்டுப் பிசைந்த இறைச்சி பேர்கரா, கட்லட்டா என்று மூன்றாவது வழக்கும் தொடங்கிற்று.

அக்கா கடித்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "பேர் என்னவெண்டாலும் இருக்கட்டும் தம்பி. உள்ளுக்கை என்ன கிடக்கு எண்டு ஒளிக்காமல் சொன்னால் எனக்குக் காணும்."

அந்த ஒரு வாக்கியத்தை விரித்து எழுதுவதைத் தவிர இந்தக் கட்டுரையில் நான் பெரிதாக எதையும் செய்யப்போவதில்லை.

பிளந்த சொல்

முதலில் பெயர். ஜேர்மனியின் துறைமுக நகரான ஹம்பேர்க்கைச் சேர்ந்தது எதுவோ அது ஹம்பேர்கர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர் யாழ்ப்பாணத்தார் என்பது போன்ற எளிய இடப்பெயர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க உணவகங்களில் ‘ஹம்பேர்க் ஸ்ரேக்’ என்ற பெயரில் அரைத்த மாட்டிறைச்சி பரிமாறப்பட்டது. அந்த இறைச்சி பாணுக்கு நடுவே புகுந்தபோது பெயரும் கூடவே புகுந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சொல்லின் தலையில் இருந்த ‘ஹம்’ என்ற அசையை ஆங்கிலம் பேசுவோர் பன்றித் தொடை இறைச்சியைக் குறிக்கும் தம் சொல்லாக எண்ணிக்கொண்டனர். ஹம்பேர்க், அர் என்று பிரிய வேண்டிய சொல், ஹம், பேர்கர் என்று பிளந்தது. யாழ்ப்பாணத்தார் என்ற சொல்லில் ‘யாழ்’ என்பதை மட்டும் உருவிவிட்டு, எஞ்சிய ‘பாணத்தார்’ என்பதைத் தனிச் சொல்லாகக் கொண்டு மீன்பாணத்தார், கோழிப்பாணத்தார் என்று புதுக்குலங்களை உண்டாக்கினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் சீஸ்பேர்கர் பிறந்தது. அதன் வழியே மீன்பேர்கரும் கோழிபேர்கரும் வந்தன.

இந்தத் தவறான பிரிப்புக்கு விலை கொடுத்தவர்கள் பன்றி உண்ணாதவர்கள். பெயரைக் கேட்டவுடனேயே இதில் பன்றி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. கடைக்காரர் சிலர் ‘பீஃப்பேர்கர்’ என்று எழுதி வைத்தமைக்கு இந்த ஐயமும் ஒரு காரணம்.

இலங்கையராகிய நமக்கு இதில் ஒரு சிறு உறவும் உண்டு. பறங்கியரை ஆங்கிலத்தில் அழைக்கும் பேர்கர் என்ற சொல்லும் கோட்டை நகரத்தைக் குறிக்கும் அதே ‘பேர்க்’ என்ற வேரிலிருந்து கிளைத்ததே. ஒல்லாந்தர் காலத்தில் நகரக் குடிமகன் என்பது அதன் பொருள்.

நன்னூல் படித்தவர்களுக்கு விடயம் விளங்கும். காரணப் பெயராகப் பிறந்த ஹம்பேர்கர் வழக்கில் தேய்ந்து இடுகுறிப் பெயராயிற்று. அதன் வாலிலிருந்து கிளைத்த ‘பேர்கர்’ ஒரு பொதுப்பெயராயிற்று. ஆகவே இவை இரண்டும் ஒன்றல்ல. ஹம்பேர்கர் என்பது ஒரு பொருளின் பெயர். பேர்கர் என்பது ஒரு வடிவத்தின் பெயர். இந்த வேறுபாட்டை மறந்ததே பின்வளவு வழக்குகளுக்கும் நாடாளுமன்ற வழக்குகளுக்கும் மூலம்.

பெயரைச் சட்டம் போட்டோ தேசபக்தி பேசியோ மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. முதலாம் உலகப் போரின்போது ஜேர்மன் வாடை அடித்த சொற்களையெல்லாம் வெறுத்த அமெரிக்கர்கள் ஹம்பேர்கருக்குச் ‘சுதந்திர ஸ்ரேக்’ என்று பெயர் சூட்டிப் பார்த்தனர். போர் முடிந்தது. சுதந்திர ஸ்ரேக்கும் முடிந்தது. ஹம்பேர்கர் இருக்கிறது.

பாணுக்கு நடுவே

ஹம்பேர்கரை முதலில் செய்தவர் யார் என்பதில் அமெரிக்க ஊர்களுக்குள்ளே தீராத வழக்கு. விஸ்கொன்சின் மாநிலத்தின் சீமோர், 1885ஆம் ஆண்டுச் சந்தையில் சார்லி நாக்ரீன் என்ற இளைஞன் விற்றதைச் சொல்கிறது. அதே 1885ஐ நியூயோர்க் மாநிலத்தின் ஹம்பேர்க் என்ற ஊரும் மென்செஸ் சகோதரர்களின் பெயரில் உரிமை கோருகிறது. டெக்சாஸின் ஏதென்ஸ் பிளெச்சர் டேவிஸைக் காட்டுகிறது. கனெற்றிகட்டின் நியூஹேவன் நகரிலுள்ள லூயிஸ் லஞ்ச் என்ற சிறு கடை 1900ஆம் ஆண்டைச் சொல்கிறது.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் லூயிஸ் லஞ்ச் கடை ஒரு நல்ல சாட்சி. அங்கே பணிஸ் கிடையாது. வாட்டிய வெள்ளைப் பாண் துண்டுகள் இரண்டு, அவற்றின் நடுவே அரைத்த மாட்டிறைச்சி. வேண்டுமானால் சீஸ், வெங்காயம், தக்காளி. தக்காளி சோஸ் கேட்டால் மறுத்துவிடுவார்கள். வட்டப் பணிஸ் இல்லையேல் ஹம்பேர்கர் இல்லை என்பவர்கள், ஹம்பேர்கரின் பிறந்தகம் என்று உரிமை கோரும் கடையிலேயே அதைத் தேடித் தோற்பார்கள். பணிஸ் பின்னால் வந்த வசதி. எள் அதற்கும் பின்னால் வந்த அலங்காரம். சோஸ், ஊறுகாய், கீரை எல்லாம் அவரவர் விருப்பம்.

அப்படியானால் எது விருப்பம் அல்ல? இறைச்சி.

கொழும்பில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வெதுப்பகத்தில் பேர்கர் கேட்டேன். பெயர் எதையும் இங்கே சொல்ல வேண்டிய தேவை இல்லை. வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். உருளைக்கிழங்கும் மிளகும் கொஞ்சம் மீனும் பிசைந்து, பாண் தூளில் புரட்டிப் பொரித்த கட்லட் ஒன்று தட்டையாக அழுத்தப்பட்டுப் பணிஸுக்குள் படுத்திருந்தது. சுவையில் குறையில்லை, கட்லட் நம் நாட்டவர் கைகளில் நன்றாகவே வரும். ஆனால் அதற்கு மேலே ‘பீஃப் பேர்கர்’ என்று எழுதியிருந்தார்கள். காசாளரிடம் கேட்டபோது, "எல்லாம் ஒண்டுதான் ஐயா" என்றார். எல்லாம் ஒன்றல்ல. மாடு உண்ணாத ஒருவர் அதைத் தவறவிட்டிருப்பார். மீன் ஒவ்வாத ஒருவர் அதை உண்டு வைத்தியசாலைக்குப் போயிருப்பார்.

சட்டங்கள் சொல்வது

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஒழுங்குவிதிகளில் ஹம்பேர்கருக்கு வரைவிலக்கணம் உண்டு. நறுக்கிய அல்லது அரைத்த மாட்டிறைச்சி. மாட்டுக் கொழுப்பும் சுவைச்சரக்கும் சேர்க்கலாம். மொத்தக் கொழுப்பு 30 வீதத்தை மீறலாகாது. நீர், பொஸ்பேற்று, ஒட்டுப்பொருள், நிரப்புப்பொருள் எதையும் சேர்க்கலாகாது. பாணைப் பற்றி அந்த வரைவிலக்கணம் பேசுவதே இல்லை. ரஸ்கு, சோயா முதலியவற்றை நிரப்பித் தட்ட விரும்பினால் வேறு பெயரில் விற்க வேண்டும்.

இனி, வாக்களித்த ஐரோப்பாவுக்கு வருவோம். உணவுச் சேர்மானங்கள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதியில் ‘பேர்கர் இறைச்சி’ என்று ஒரு வகை வருகிறது. இறைச்சியோடு குறைந்தது 4 வீதம் மரக்கறியோ தானியமோ கலந்திருந்தால், அதற்குச் சல்பைற்று முதலிய சில சேர்மானங்களைப் பயன்படுத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. அதாவது, தானியம் கலந்த இறைச்சியைப் பேர்கர் என்று அழைப்பதை இவர்களது ஒழுங்குவிதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தானியம் மாட்டோடு சேர்ந்து மறைந்திருந்தால் பேர்கர். மறையாமல் தனியே வந்து, நான் தானியம் என்று சொன்னால் மோசடி!

இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே. அங்கே 2014இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி, மாட்டிறைச்சிப் பேர்கர் என்று விற்பதில் 62 வீத இறைச்சி இருந்தாற் போதும். ‘சிக்கனப் பேர்கர்’ என்றால் 47 வீதம் போதும், பாதிக்கும் குறைவு. இதைவிடப் பெரிய அதிசயம், ஹம்பேர்கர் என்ற பெயரில் விற்பது மாட்டிறைச்சியாக இருக்கலாம், பன்றியிறைச்சியாக இருக்கலாம், இரண்டின் கலவையாகவும் இருக்கலாம். தவறாகப் பிளந்த சொல்லுக்குச் சட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. பெயர்களின் தூய்மையைக் காக்கப் புறப்படுபவர்கள் இத்தகைய விதிகளிலிருந்து தொடங்கியிருக்க வேண்டாமா?

களவு நடந்தது வீட்டுக்குள்

ஹம்பேர்கரின் வரலாறு முழுவதும் ஓடுவது ஒரே அச்சம்தான்: இறைச்சியை அரைத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்டன் சின்கிளேயரின் ‘த ஜங்கிள்’ நாவல் 1906இல் சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அழுக்கை அம்பலமாக்கியது. அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. 1921இல் கன்சாஸின் விச்சிற்றாவில் தொடங்கிய வைட் காசில் கடைகள் ஐந்து சதத்துக்கு ஹம்பேர்கர் விற்றன. கடைக்குப் பெயரே வெள்ளைக் கோட்டை; சுவர்களும் வெள்ளை. அரைத்த இறைச்சியை நம்பாத மக்களிடம், நாங்கள் சுத்தமானவர்கள் என்று சொல்வதற்கே அவ்வளவு வெள்ளை தேவைப்பட்டது. அந்த நிறுவனம் 1930இல் ஒரு மருத்துவ மாணவனைப் பதின்மூன்று வாரம் தன் ஹம்பேர்கரையும் தண்ணீரையும் மட்டுமே உண்ணவைத்து ஆராய்ச்சியும் நடத்துவித்தது. அச்சம் அவ்வளவு ஆழமானது.

அந்த அச்சம் வீண் அல்ல என்பதை 1993 காட்டியது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஜக் இன் த பொக்ஸ் கடைகளின் வேகாத ஹம்பேர்கர்களிலிருந்து ஈ கோலை ஓ157 என்ற பக்ரீறியா பரவியது. எழுநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு சிறார்கள் இறந்தனர். முழு இறைச்சித் துண்டின் மேற்புறத்தில் இருக்கும் கிருமி, அரைக்கும்போது உள்ளே எங்கும் பரவிவிடுகிறது. மேலே கருகினாலும் நடுவில் உயிரோடிருக்கும். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு, அரைத்த மாட்டிறைச்சியில் இந்தக் கிருமி இருந்தால் அது கலப்படம் என்று அறிவித்தது. இறைச்சித் தொழிற்றுறை அமைப்புகள் என்ன செய்தன? அதன்படி அரசு தொடங்கிய மாதிரிப் பரிசோதனைக்கு எதிராக நீதிமன்றம் சென்றன. தோற்றன என்பது வேறு விடயம்.

2012இல் ‘இளஞ்சிவப்புக் கூழ்’ விவகாரம். கொழுப்போடு ஒட்டியிருக்கும் இறைச்சித் துணுக்குகளைச் சூடாக்கிச் சுழற்றிக் கொழுப்பைப் பிரித்து, கிருமி கொல்ல அமோனியா வாயு செலுத்தி, மீண்டும் அரைத்த இறைச்சியோடு கலந்தார்கள். அது பாதுகாப்பானது என்றது நிறுவனம். அது நஞ்சு என்று நானும் சொல்லவில்லை. செய்தி வெளியிட்ட ஏபிசி தொலைக்காட்சி மீது அந்த நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கு 2017இல் இணக்கமாக முடிந்தது. என் கேள்வி வேறு: வாங்கியவருக்குச் சொன்னார்களா? பொதியில் ஒரு சொல் இல்லை. 2018இல் அமெரிக்க அரசு அந்தப் பொருளையே ‘அரைத்த மாட்டிறைச்சி’ என்று அழைக்க அனுமதித்தது.

2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 27 மாட்டிறைச்சிப் பேர்கர் வகைகளைச் சோதித்தது. 10 வகைகளில் குதிரையின் மரபணு. 23 வகைகளில் பன்றியின் மரபணு. பெரிய அங்காடித் தொடர் ஒன்றின் மலிவுப் பேர்கரில், மாட்டிறைச்சியின் அளவோடு ஒப்பிட 29 வீதம் குதிரை. சில வகைகளில் பன்றி இருந்தது சிற்றளவே. ஆனால் பன்றியை விலக்கி வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குச் சிற்றளவு என்பது ஆறுதல் ஆகுமா?

இந்தச் சம்பவங்களில் அவரை விதை விற்றவர் எவராவது உண்டா? சோயா விற்றவர் உண்டா? ஒருவரும் இல்லை. பெயரைத் திருடியவர்கள் அனைவரும் அந்தப் பெயருக்குரிய வீட்டுக்காரர்களே.

மறைத்தவர் யார், சொன்னவர் யார்?

சைவ உணவுக்காரரான நம்மவர் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடிய வழக்கு ஒன்றும் இருக்கிறது. தமது உருளைக்கிழங்குப் பொரியலை இனி மரக்கறி எண்ணெயில் பொரிப்பதாக மக்டொனால்ட்ஸ் 1990இல் அமெரிக்காவில் அறிவித்தது. நம்பிய சைவர்கள் உண்டார்கள். பொரியலில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவைச்சாறு சேர்க்கப்படுவது பின்னர் தெரியவந்தது. பட்டியலில் அது ‘இயற்கைச் சுவை’ என்ற இரு சொற்களுக்குள் ஒளிந்திருந்தது. 2001இல் வழக்கு. 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து மற்றும் சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு ஒரு கோடி டொலர் வழங்க இணங்கிற்று. பத்தாண்டுக்கு மேலாக விரதம் காத்த ஒரு தாய்க்கு அந்தக் காசு எதைத் திருப்பித் தரும்?

அதே நிறுவனம் 1996இல் டில்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் விலக்கியே திறந்தது. உருளைக்கிழங்கும் பட்டாணியும் கொண்ட பேர்கருக்கு ‘ஆலு டிக்கி’ என்று பெயரிலேயே பொருளைச் சொல்லி விற்றது. அதை வாங்கியவர் எவரும் மாடு கிடைக்கவில்லை என்று வழக்குப் போடவில்லை. ஒரே நிறுவனம், ஒரு நாட்டில் ஒளித்து அவமானப்பட்டது, மறுநாட்டில் சொல்லி விற்று வாழ்ந்தது. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

சைவப் பேர்கர் நேற்று முளைத்த குறும்பும் அல்ல. கிரெகரி சாம்ஸ் என்பவர் 1982இலேயே லண்டனில் ‘வெஜிபேர்கர்’ என்று பெயரிட்டு விற்றார். நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பெயரின் முதற்பாதி, உள்ளே மரக்கறி என்று உரத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதில் ஏமாறுவதற்கு ஒருவர் மிகுந்த முயற்சி எடுக்க வேண்டும்.

சைவப் பக்கத்திலும் குற்றம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்வதுதான் நேர்மை. அமெரிக்காவில் பேர்கர் கிங் நிறுவனம் 2019இல் தாவரப் பொருளாலான இம்பொசிபிள் வொப்பரை அறிமுகப்படுத்தியபோது, அதை மாட்டிறைச்சி வேகும் அதே அடுப்பில் வாட்டியது. கேட்டுக்கொண்டால் வேறு முறையில் சமைத்துத் தருவோம் என்ற குறிப்பு இருந்தது. ஒரு சைவர் வழக்குத் தொடுத்தார். வேறு அடுப்பில் சமைப்பதாக நிறுவனம் வாக்களிக்கவில்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனினும் தாவரம் என்ற அடைமொழி பொதியில் மட்டும் இருந்தால் போதாது. அடுப்பிலும் இருக்க வேண்டும் என்பேன்.

கூழிடம் கற்க வேண்டியது

இந்தச் சிக்கலை யாழ்ப்பாணத்துக் குசினிகள் எப்போதோ தீர்த்துவிட்டன. ஒடியற் கூழ் என்றால் மீன், நண்டு, இறால் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. அவற்றையெல்லாம் விலக்கி மரக்கறியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சினால் அது சைவக் கூழ். கூழ் என்ற பெயரைச் சைவர் திருடிவிட்டார் என்று எந்த மீனவரும் முறையிடவில்லை. சைவம் என்ற அடைமொழி முன்னே நிற்கிறது, எல்லோருக்கும் விளங்குகிறது. ஆனால் ஒடியல் மாவுக்குப் பதிலாக அரிசி மாவைக் கரைத்துவிட்டு ஒடியற் கூழ் என்று ஒருவர் ஊற்றினால்? அவரை மறுமுறை எவரும் அண்டமாட்டார்கள். அடைமொழி சேர்ப்பது களவு அல்ல. அடைமொழிக்குரிய பொருளை உருவிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருப்பதே களவு.

எனது தீர்ப்பு

எனவே பின்வளவு வழக்குக்கு என் தீர்ப்பு இது.

அடைமொழி இன்றி ஹம்பேர்கர் என்று சொன்னால் அது மாட்டிறைச்சி. அரைத்த மாட்டிறைச்சி மட்டுமே. உப்பும் மிளகும் போகட்டும். ரஸ்குத் தூள், சோயா, நீர், பன்றி, குதிரை எதுவும் கூடாது. கையால் தட்டி, நேரே சூட்டில் வாட்டி, இரண்டு பாண் துண்டுகளுக்கோ பணிஸுக்கோ நடுவே வைத்தது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. முட்டையும் பாண் தூளும் வெங்காயமும் இட்டுப் பிசைந்தால் அது நல்ல உணவாக இருக்கலாம்; அதற்குக் கட்லட் என்ற மானமுள்ள பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஆட்டிறைச்சியை அரைத்து வைத்தால் ஆட்டிறைச்சிப் பேர்கர். இந்த அளவில், மாடு இல்லாவிட்டால் ஹம்பேர்கர் இல்லை என்ற விருந்தினரின் கட்சி நான்.

ஆனால் பேர்கர் என்ற பொதுப்பெயருக்கு முன்னால் உண்மையான அடைமொழி ஒன்று நின்றால், அது கோழியோ மீனோ அவரை விதையோ, அதன் பெயரைப் பறிக்கும் உரிமை எந்த நாடாளுமன்றத்துக்கும் இல்லை. ஐரோப்பிய நீதிமன்றமே 2024 ஒக்டோபரில், சட்டப்படி வரையறுத்த பெயர் ஒன்று இல்லாத இடத்தில், வழக்கிலுள்ள இத்தகைய பெயர்களைத் தாவர உணவுகளுக்கு இடுவதை ஓர் உறுப்பு நாடு பொதுவாகத் தடுத்துவிட முடியாது என்று பிரான்ஸ் தொடர்பான வழக்கில் கூறியிருந்தது. வழக்கில் தோற்ற கட்சி சட்டத்தையே மாற்றப் புறப்பட்டதன் விளைவுதான் அடுத்த ஆண்டு வாக்கெடுப்பு. அதன் பின்னால் இருந்தது நுகர்வோர் மீதான கருணை என்று நம்ப எனக்கு இயலவில்லை. நுகர்வோர் மீது கருணை இருந்தால் அந்த 355 பேரும் முதலில் கேட்டிருக்க வேண்டியது, 47 வீத இறைச்சியில் மீதி 53 வீதம் என்ன என்பதையே.

முப்பது ஆண்டுகள் செய்தித் தலைப்புகளோடு உறவாடியவன் நான். தலைப்பு ஒன்றைச் சொல்லிச் செய்தி வேறொன்றைச் சொன்னால், அதை ஆசிரியபீடத்தில் தவறு என்று சொல்வதில்லை, பொய் என்பார்கள். உணவின் பெயரும் தலைப்புத்தான். அதை வாசித்துவிட்டுத்தான் ஒருவர் வாயைத் திறக்கிறார். அவருடைய சமயமும் உடல்நலமும், சில வேளைகளில் அவர் குழந்தையின் உயிரும் அந்த ஒரு சொல்லை நம்பி நிற்கின்றன.

ஆகவே, சைவப் பேர்கரைக் கடிந்துகொள்ளுமுன் உங்கள் கையிலிருக்கும் ஹம்பேர்கரை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். விற்பவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ரொறன்ரோவில் அன்று பின்வளவில் எட்டுப் பேர் உண்டோம். தான் உண்பது இன்னது என்று உறுதியாகத் தெரிந்து உண்டவர் என் அக்கா ஒருவர் மட்டுமே.